மஞ்சுக்குள்ளே விழுந்த கோல்

மாரீஸ்வரிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு என்று அவள் அம்மா குருவம்மாள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். கண்ணில் படுவதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே இருப்பாள். அடுப்பில் பால் வைத்தால், "பொங்குது, பொங்குது, விளிம்புக்கு வந்துருச்சு, இந்தா அணைச்சாச்சு!" என்பாள். எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வாசலில் இரண்டு சேவல் சண்டை போட்டால் போதும், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு, எந்தச் சேவல் முன்னால் பாய்ந்தது, எது பின்வாங்கியது என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி விவரிப்பாள். "இந்த வாயை வெச்சுக்கிட்டு எந்த வீட்டுல போய் இருக்கப் போறாளோ" என்று குருவம்மாள் கொழுந்துக் கூடையை இறக்கி வைக்கும்போதெல்லாம் புலம்புவாள்.

ஆனால் மாரீஸ்வரிக்குக் கிடைத்த வேலையோ மெதுவாகப் பேசுகிற வேலை. மூணாறில் பி.காம் முடித்தவள், மாட்டுப்பட்டி ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷனில் உட்கார்ந்தாள். "குட் மார்னிங் சார், வெல்கம் மேடம்" என்று பஞ்சு மாதிரி பேச வேண்டும். சிரித்தால்கூடச் சத்தம் வரக்கூடாது. அணைக்கட்டு பார்க்க எத்தனை மணிக்குப் போகலாம், மாட்டுப் பண்ணைக்குள் விடுவார்களா, காலைச் சாப்பாட்டுக்கு இட்லி உண்டா என்ற கேள்விகளுக்கு எட்டு வருஷமாக ஒரே குரலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலை மோசமில்லை. ஆனாலும் சாயங்காலம் யூனிஃபார்ம் சேலையை அவிழ்க்கும்போது, நாள் முழுக்க வாயில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த மாதிரி இருக்கும் அவளுக்கு.

அவளுடைய தம்பி பாண்டீஸ்வரன் தேயிலை எஸ்டேட்டின் மேல்பகுதியான டாப் டிவிஷனின் கால்பந்து டீமில் இடது பக்கம் ஆடியவன். பனியன் கம்பெனி வேலை கிடைத்துத் திருப்பூருக்குப் போனான். போனவனுக்குச் சோறு தண்ணி பிரச்சினையில்லை, ஞாயிற்றுக்கிழமைதான் பிரச்சினை. மலையில் பந்து ஆடுகிற நேரம் ஆனதும் போன் வந்துவிடும். "அக்கா, வீடியோ கால் போட்டு மைதானத்தைக் காட்டு."

மாரீஸ்வரி காட்டினாள். மலையில் சிக்னல் அப்படி இப்படித்தான். படம் ஓடும், நிற்கும், கட்டம் கட்டமாகச் சிதறும்.

"அக்கா, படம் நின்னுருச்சு. யார்ட்ட பந்து இருக்கு? நீயே சொல்லேன்!"

சொல்லு என்றால் விடுவாளா? அன்றைக்கு அவள் சொன்னதைப் பாண்டீஸ்வரன் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான். கூட இருந்த மலைக்காரப் பையன்கள் எல்லாரும் மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் தலையைத் தலையோடு வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் அவர்களே, "யூடியூப்ல போடுங்கக்கா, துபாய்ல இருக்கிறவனும் பாப்பான்" என்றார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'டாப் டிவிஷன் லைவ்'. மாரீஸ்வரியின் வீட்டுக்காரன் மணிகண்டன் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன். ஜீப்பை மைதானத்து ஓரமாக நிறுத்தி, பானெட்டில் ஏறி நின்று போனைப் பிடித்துக்கொள்வான். அவள் பேசுவாள். மலையை விட்டுப் பிழைக்கப் போன சனம் முழுக்க அதைப் பார்த்தது.

ஒருநாள் ரிசார்ட்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் போனுக்கு ஒரு புது நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, நான் ஷஹீருங்க. பாலக்காட்டுல இருந்து பேசறேன். ஆர்ப்புன்னு ஒரு ஆப் வெச்சிருக்கறோமுங்க. நம்ம பக்கத்து ஊர் ஆட்டங்களையெல்லாம் நேரலையில காட்டறது. கபடி, வாலிபால், ஏழு பேர் ஆடற செவன்ஸ் ஃபுட்பால் எல்லாம். உங்க கமெண்டரியை மூணு நாளா கேட்டுட்டு இருக்கறேன். ஆபீஸ்ல ஒருத்தனும் வேலை செய்யலீங்க."

மாரீஸ்வரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் படிக்கட்டுக்குக் கீழே போய் நின்றுகொண்டாள். "சொல்லுங்க சார்."

"சார்னெல்லாம் கூப்பிடாதீங்கக்கா. எங்க அத்தா என்னைக் கடைக்கு ஆகாதவன்னு கூப்பிடுவாரு, அதுவே பரவாயில்ல."

ஷஹீரின் குடும்பத்துக்குப் பாலக்காட்டில் ஜவுளிக்கடை. அவன் பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, அதை உதறிவிட்டு, எலப்புள்ளியில் ஒரு டயர் கடை மாடியில் நாலைந்து பேரோடு இந்த ஆப்பைத் தொடங்கியிருந்தான். "பந்து விளையாடறதைக் காட்டறதுக்கு ஒரு கம்பெனியாடா?" என்று அவன் அத்தா இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார். மலையாளத்தில் பேச ஆள் இருந்தது. தமிழில் பேச ஆள் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் டி.வி. செய்தி வாசிக்கிற மாதிரி வாசித்தார்கள்.

"உங்க எஸ்டேட் கோப்பை ஃபைனலுக்கு நாங்களே கேமராவோட வர்றோமுங்க. நீங்க பேசுங்க. நல்லா வந்துச்சுன்னா தமிழ் கமெண்டரி முழுக்க நீங்கதான் பாக்கணும். முழுநேர வேலையா. எலப்புள்ளிக்கு வர வேண்டியிருக்குமுங்க."

போனை வைத்ததும் மாரீஸ்வரிக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. டபுள் ரூமுக்கு சிங்கிள் ரூம் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

ஆனால் ஃபைனல் வந்து விழுந்தது மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடங்களுக்கு லீவு, மலை முழுக்க வண்டி. லீவு கேட்டதும் மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மாரீஸ்வரி, ஞாயித்துக்கிழமை ஒரு ரூம்கூட காலியில்ல. நீ இல்லாம ஃப்ரண்ட் ஆபீஸ் நடக்குமா?"

"ஒரே நாள் சார். இது எனக்கு ரொம்ப முக்கியம்."

"பந்து கமெண்டரியா முக்கியம்?" அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "அப்படீன்னா திங்கக்கிழமையும் வர வேண்டாம்."

அன்று சாயங்காலம் மணிகண்டன் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று விஷயத்தைச் சொன்னாள். அவன் டயரைத் தேய்த்துக்கொண்டே கேட்டான். பக்கெட்டில் இருந்த மிச்சத் தண்ணியைக் கண்ணாடியில் விசிறி அடித்தான்.

"ஒரு தரம் கஸ்டமரை இறக்கிவிட உங்க ரிசார்ட்டுக்குள்ள வந்தேன் பாத்தியா? ரிசப்ஷன்ல உன்னைப் பாத்து எனக்கே அடையாளம் தெரியலை. மைதானத்துலதான் நீ நீயா இருக்க. போய்ப் பேசு."

குருவம்மாளுக்குத்தான் விளங்கவேயில்லை. "கத்துறதுக்கா சம்பளம் குடுக்கிறான்?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

ஞாயிறு வந்தது. டாப் டிவிஷனுக்கும் தேயிலை ஃபேக்டரி டீமுக்கும் ஃபைனல். தேயிலைச் சரிவுக்கு நடுவில் வெட்டிச் சமப்படுத்திய மைதானம் அது. பந்து வெளியே போனால் ஓடைவரை உருண்டு போகும். ஷஹீர் ஒல்லியாக, தாடியோடு, ஸ்வெட்டர் கொண்டுவராமல் நடுங்கிக்கொண்டு இறங்கினான். கூட யோகப்பிரியா என்று ஒரு பெண். பாலக்காட்டுப் பக்கத்து நல்லேப்பிள்ளிக்காரி, லேப்டாப்பும் கேமராவும் அவள் பொறுப்பு. பள்ளிக்கூட மொட்டைமாடியில் இரண்டு கேமராவை நிறுத்தி, தார்ப்பாய்க்குக் கீழே மேஜை போட்டு, மாரீஸ்வரியின் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டாள்.

"ஏனுங்கக்கா, பயமா இருக்குதுங்களா?"

"பயமா? நீ எப்ப ஆரம்பிக்கச் சொல்லுவன்னுதான் பாத்துக்கிட்டிருக்கேன்."

முதல் பாதி வெயிலில் நடந்தது. டாப் டிவிஷனின் கோகுல்நாத் தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். ஃபேக்டரி டீம் பெனால்டியில் திருப்பிக் கொடுத்தது. ஒன்றுக்கு ஒன்று. ஆப்பில் பார்க்கிறவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போக, ஷஹீர் குளிரை மறந்து நடந்துகொண்டிருந்தான்.

இடைவேளை முடிந்து ஆட்டம் சூடு பிடிக்கிற நேரம், மேட்டிலிருந்து மஞ்சு இறங்கியது. பனிமூட்டத்துக்கு மலையில் அதுதான் பேர். முதலில் மேல் சரிவின் சில்வர் ஓக் மரங்கள் காணாமல் போயின. அப்புறம் அந்தப் பக்கத்துக் கோல் போஸ்ட். அப்புறம் அந்தப் பக்கத்து ஜனம். பால் கொட்டின மாதிரி மைதானத்தை மூடிவிட்டது.

மலைக்காரர்களுக்கு இது புதுசில்லை. ரெஃப்ரி நடு மைதானத்தில் நின்று இரண்டு பக்கமும் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். இரண்டு கோல் போஸ்டும் நிழல் மாதிரி தெரிந்திருக்க வேண்டும். விசில் ஊதி, ஆடுங்கள் என்றுவிட்டார். ஆனால் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் எதுவும் இல்லை.

"அக்கா, ஸ்க்ரீன்ல ஒண்ணுமே இல்லீங்க. வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி இருக்குது" என்றாள் யோகப்பிரியா.

ஷஹீர் முகம் வெளுத்துவிட்டது. "பாக்கறவங்க கிளம்பிட்டு இருக்காங்கக்கா. நிறுத்திரலாமுங்களா? மன்னிப்புக் கேட்டு ஒரு போர்டு போட்டுரலாம்."

மாரீஸ்வரி ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"வயர் இல்லாத மைக் இருக்குல்ல? அதைக் குடு."

"எதுக்குங்க?"

"கீழ போறேன். கோட்டு ஓரமா ஓடினா பந்து தெரியும். நீங்க வெள்ளை வேட்டியையே காட்டுங்க, நான் சொல்றேன்."

மைக்கைச் சுடிதார் கழுத்தில் மாட்டிக்கொண்டு படியிறங்கி ஓடினாள். யோகப்பிரியா ரிசீவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்து விளிம்பில் போய் உட்கார்ந்தாள். அடுத்த நிமிஷம் ஆப்பில் வெறும் வெள்ளைத் திரைமேல் மாரீஸ்வரியின் குரல் வந்தது.

"திருப்பூர்ல, கோயமுத்தூர்ல, துபாய்ல இருக்கிற எல்லாருக்கும் சொல்றேன், உங்க போன் கெட்டுப் போகலை, தட்டாதீங்க! இங்கயே ஒண்ணும் தெரியலை. நான் இறங்கி வந்துட்டேன். இப்ப டச் லைன்ல நிக்கேன். எனக்கு முன்னாடி நாலு ஜோடி காலு தெரியுது, முகம் தெரியலை. மஞ்ச ஷூ... மஞ்ச ஷூ போட்டவன் நம்ம கோகுல்நாத்துதான்! பந்து அவன் கால்ல! போறான், போறான், நானும் போறேன், இருங்க..."

மூச்சு வாங்க ஓடினாள். சேறு தெறித்தது. ஒரு தரம் வழுக்கி விழுந்து, "நான் விழுந்துட்டேன், பந்து விழலை, பந்து அங்கிட்டுப் போயிருச்சு" என்று விழுந்தபடியே சொன்னாள். பந்து இருக்கிற இடத்தைச் சத்தத்தை வைத்துப் பிடித்தாள். ஃபேக்டரி டீம் பக்கம் உற்சாகச் சத்தம் எழுந்தால் இங்கிட்டு ஓடினாள், டாப் டிவிஷன் பெண்கள் கூவினால் அங்கிட்டு. ஒரு டிஃபெண்டர் மஞ்சுக்குள்ளிருந்து திடீரென்று வந்து அவள்மேல் மோதப் பார்த்து, "யக்கா, ஓரமாப் போங்க!" என்று கத்தியதும் நேரலையில் போனது.

மேலே, ஷஹீர் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கிக்கொண்டிருந்த எண்ணிக்கை நின்றது. பிறகு ஏறத் தொடங்கியது. 'படம் வேண்டாம், நீ பேசு தாயி' என்று யாரோ எழுதினார்கள். 'ஆபீஸ்ல ஹெட்போன் போட்டுக் கேக்கிறேன், பந்து எங்கேன்னு சொல்லுங்க' என்று இன்னொருவர். எங்கேயோ சவூதியில் ஒரு சமையல்காரர், கறி அடிப்பிடிக்கிறது என்று எழுதியிருந்தார்.

ஆட்டம் முடிகிற சமயம். மாரீஸ்வரி ஃபேக்டரி டீம் கோல் பக்கத்தில், டாப் டிவிஷன் எடுக்கப்போகிற கார்னரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பந்து உயர்ந்து வெள்ளைக்குள் மறைந்தது. யாரோ ஓங்கி உதைத்த சத்தம். கால்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் திரும்பி ஓடின. இரண்டு மூச்சுக்குள், மைதானத்தின் அந்தக் கோடியில், டாப் டிவிஷன் கோல் பக்கம், ஒரு பெரிய இரைச்சல் வெடித்தது.

அவள் நின்றுவிட்டாள். அந்தக் கோடியில் ஒரு பொட்டுகூடத் தெரியவில்லை.

"எனக்குத் தெரியலை" என்றாள். "சத்தம் கேட்டுச்சுல்ல? எனக்கும் கேட்டுச்சு. கோலா, இல்லையா, கோலி பிடிச்சுட்டாரா, ஒண்ணும் தெரியலை. பொய் சொல்ல மாட்டேன். ஓடுறேன். நீங்களும் இருங்க, போயிராதீங்க."

ஓடினாள். அந்த ஓட்டம் முழுக்க ஆப்பில் கேட்டது அவளுடைய இரைப்பும், சேற்றில் செருப்பு சளக் சளக் என்று அடிக்கிற சத்தமும்தான். மஞ்சு விலகி, கோல் போஸ்ட் தெரிந்தது. டாப் டிவிஷன் கோலி சூசையப்பன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே! கோலாண்ணே?"

"என்னை ஏன் தாயி கேக்குற?" என்றார் சூசையப்பன் வெறுப்போடு. "பின்னாடி பாரு."

பந்து வலைக்குள் கிடந்தது.

"கோல்! கோல்! கோலு விழுந்துருச்சுய்யா! ஃபேக்டரி டீம் ரெண்டு, டாப் டிவிஷன் ஒண்ணு! வலைக்குள்ள இருக்கு, நான் என் கண்ணால பாக்கிறேன், தொட்டே பாக்கிறேன், இந்தா, ஈரமா இருக்கு!"

கோல் விழுந்தது அவளுடைய சொந்த டிவிஷனுக்கு எதிராக. அவள் பிறந்த லயம், அவள் தம்பி ஆடிய டீம். அந்த நிமிஷத்தில் அதெல்லாம் அவளுக்கு நினைவிலேயே இல்லை. இருக்கிற குரலையெல்லாம் போட்டுக் கத்தினாள். ஆட்டம் முடிந்து மஞ்சு கலைந்தபோது லயத்துப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "எதிராளி கோலுக்கு இப்படிக் குதிக்கிறியேடி, வெக்கமாயில்ல?" என்று திட்டிக்கொண்டே சிரித்தார்கள். குருவம்மாள் மட்டும் மகளின் முழங்காலில் இருந்த சேற்றை முந்தானையால் துடைத்துவிட்டு, "தண்ணி குடி முதல்ல, தொண்டை என்னத்துக்காகும்" என்றாள்.

பாண்டீஸ்வரன் போனில் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. "அக்கா, தோத்துட்டோம். ஆனா இன்னொரு தரம் போட்டுக் கேக்கப்போறேன்."

ஷஹீர் அவளிடம் ஓடிவந்தான். "எப்ப வர்றீங்கக்கா?" என்று மட்டும் கேட்டான்.

திங்கட்கிழமை மாரீஸ்வரி ரிசார்ட்டுக்குப் போனாள். யூனிஃபார்ம் சேலையையும் அடையாள அட்டையையும் திருப்பிக் கொடுக்க. மேனேஜர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"கோலா இல்லையான்னு தெரியாம நீ ஓடினியே, அப்ப இங்க ஒரு குடும்பம் செக்-இன் பண்ண நின்னுச்சு. நான் அவங்களைக் கையால நிக்கச் சொல்லிட்டேன். கடைசியில அவங்களும் என் போனுக்குள்ள தலையை விட்டுட்டாங்க." அட்டையை அவள் பக்கமே நகர்த்தினார். "கோபத்துல சொன்னேன். வேலைக்கு வா."

"வேண்டாம் சார். இனிமே எனக்கு மெதுவாப் பேச வராது" என்றாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கைகொடுத்து அனுப்பினார்.

எலப்புள்ளி வேற உலகமாக இருந்தது. பாலக்காட்டு வெயில் அவளை முதல் வாரம் படுக்கப் போட்டுவிட்டது. டயர் கடை மாடியில் ரப்பர் வாசனை ஓயாது. கடைக்காரர்கள், "ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க? பேச்சு வேற தினுசா இருக்குதுங்களே" என்று கேட்பார்கள். மணிகண்டன் ஒரு மாசம் தனியாக மலையில் இருந்து பார்த்தான், முடியவில்லை. ஜீப்பைப் பாலக்காட்டுப் பக்கத்து நெல்லியாம்பதி மலைக்கு ஓட்டிவந்துவிட்டான். அங்கேயும் டூரிஸ்ட் உண்டு, வளைவு உண்டு, குளிர் உண்டு. சாயங்காலம் இறங்கி வந்துவிடலாம்.

எல்லாம் கோல் மாதிரி விழுந்துவிடவில்லை. நல்லேப்பிள்ளியில் அறுவடை முடிந்த வயலில் நடந்த கபடிப் போட்டிதான் அவளுடைய முதல் வேலை. மாரீஸ்வரிக்குக் கபடி தெரியாது. போனஸ் கோடு எது என்று தெரியாமல், ஆட்டக்காரன் தொட்டானா தொடவில்லையா என்று தெரியாமல், வெறும் சத்தம் போட்டாள். 'அந்த அக்காவுக்கு ஆட்டமே தெரியலை, சும்மா கத்துறாங்க' என்று பாதிப் பேர் எழுதினார்கள். நிஜம்தான். அவள் ஆபீஸுக்குத் திரும்பி அதை ஒவ்வொன்றாக வாசித்தாள். அப்புறம் யோகப்பிரியாவைக் கூப்பிட்டு, "உங்க ஊர்ல பொம்பளைங்க கபடி ஆடுறாங்களா?" என்று கேட்டாள்.

ஆடினார்கள். யோகப்பிரியாவின் சித்தி மகளே ஆடினாள். மாரீஸ்வரி டிராக் பேண்ட் வாங்கிக்கொண்டு அந்தப் பெண்களோடு களத்தில் இறங்கிவிட்டாள். முப்பது வயதுக்கு மேல் கபடி கற்றால் உடம்பு சும்மா விடுமா? முழங்கை உரிந்தது, கணுக்கால் வீங்கியது. ஆனால் தொடைக்குக் கீழே பிடித்தால் எப்படித் தப்புவது, மூச்சு முட்டுகிற நேரத்தில் கோடு எத்தனை தூரம் என்பதையெல்லாம் உடம்பு படித்துக்கொண்டது. அடுத்த போட்டியில் அவள் பேசியபோது அதே ஜனம், 'இது வேற அக்காவா?' என்று எழுதியது.

இப்போது ஆர்ப்பின் தமிழ்ப் பக்கம் முழுக்க அவள் கையில்தான் இருக்கிறது. சம்பளம் ரிசார்ட்டைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை, சில மாசம் தாமதமாகவும் வரும். அதை யாரும் மறைப்பதில்லை. ஆனால் ஷஹீரின் அத்தா ஞாயிற்றுக்கிழமைகளில் ஜவுளிக்கடையில் ஆப்பைப் போட்டு, வருகிற ஆளுக்கெல்லாம் காட்டுகிறாராம். பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்து பஸ் கண்டக்டர் தமிழ்ப்ரியா உட்பட இரண்டு பெண்களை மாரீஸ்வரி புதிதாகப் பேச எடுத்திருக்கிறாள். ஸ்டாப் பேரைக் கூவுகிற தொண்டைக்குக் கமெண்டரி கஷ்டமில்லை என்பது அவள் கணக்கு.

போன வாரம் ஷஹீர் ஒரு புது யோசனையோடு வந்தான். ஆலப்புழைப் பக்கம் வள்ளம்களி நடக்கப்போகிறது, அந்தப் படகுப் போட்டியைத் தமிழில் காட்டினால் எப்படி இருக்கும்?

மாரீஸ்வரி படகில் ஏறியதே இல்லை. நீந்தத் தெரியாது. துடுப்புக்காரர்களுக்கு என்ன பேர், பாட்டை யார் எடுத்துக்கொடுப்பார்கள், ஒன்றும் தெரியாது. "எப்பப் போறோம்?" என்றாள்.

இன்றைக்குக் காலையில் மூன்று பேரும் காயல் கரையில் இறங்கினார்கள். பயிற்சிக்கு வந்த நீளப் படகு ஒன்று கரையில் அணைந்து நின்றது. கேமராவைப் பாலத்தில் வைப்பதா, எதிர்க்கரையில் வைப்பதா என்று ஷஹீரும் யோகப்பிரியாவும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் மாரீஸ்வரி, துடுப்புக்காரர்கள் கொடுத்த கையைப் பிடித்துக்கொண்டு, படகுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.